ஒரே மூலம், வெப்பும் அச்சும்: மென்பொருள் கையேடு எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கையேடு எழுதும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும், "டாக்குமென்டேஷனையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலையில் கட்டப்பட்ட டெவலப்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் அதிகம் வருவது ஸ்ஃபிங்ஸ், அதாவது குறியிட்டு எழுதிய கோப்புகளிலிருந்து வெப் பக்கங்களையும் பிடிஎஃபையும் உருவாக்கித் தரும் கருவி. நான் தினமும் புழங்குவது அதுதான். நீங்கள் வேறு கருவி வைத்திருந்தாலும் சிக்கல்கள் இவைதான், கட்டளைகளின் பெயர்தான் மாறும்.

எல்லாமே வெப்சைட்டில் இருக்கிறதே, இன்னும் யார் சார் பிடிஎஃப் கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள். வெளி இணையமே இல்லாத சர்வர் அறையில் உட்கார்ந்து மென்பொருளை நிறுவுபவர் கேட்கிறார். டெண்டரில் "பயனர் கையேடு இணைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு வெப்சைட் முகவரியைக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். ஆடிட்டர், "நீங்கள் இந்தப் பதிப்பை வாங்கியபோது கையேட்டில் என்ன சொல்லியிருந்தது" என்று கேட்பார். வெப்சைட் அதற்குள் நாலு முறை மாறியிருக்கும்.

பிடிஎஃப் வேண்டுமா என்பதைவிட, இரண்டு வாசகர்களும் எப்படி வேறுபடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். வெப் வாசகர் கூகுளிலிருந்து நேராக நடுப்பக்கத்தில் வந்து குதிக்கிறார். முன்னால் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அச்சு வாசகருக்கு வரிசை தெரியும், கையில் பக்க எண் இருக்கிறது, ஆனால் எதையும் சொடுக்க முடியாது. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

வேர்டில் எழுதி அதையே வெப்புக்கும் ஏற்றிவிட்டால் என்ன?

இருபது பக்கம், ஒரே ஆள், வருஷத்துக்கு ஒரு திருத்தம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் சிக்கல். வெப்பில் ஒருவர் அவசரத்துக்கு ஒரு வரியைத் திருத்துவார், வேர்டு கோப்பில் அது ஏறாது. அடுத்த வெளியீட்டில் பழைய பிழை புத்தகத்தோடு திரும்பி வரும். எது அசல் என்று யாருக்கும் தெரியாத நிலை வந்துவிட்டால் அப்புறம் எழுத்தைவிட ஒப்பிடும் வேலைதான் அதிகம்.

ஒரே மூலத்திலிருந்து இரண்டும் என்கிறார்களே, இது புதிய விஷயமா?

பழையது. குனூ திட்டத்தின் டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவணக் குறிமுறை 1980களிலேயே ஒரே கோப்பிலிருந்து திரையில் படிக்கும் ஆவணத்தையும் அச்சுப் புத்தகத்தையும் கொடுத்தது. 1991இல் தொடங்கிய டாக்புக் அதையே பெரிய அளவில் செய்தது. ஐபிஎம்மில் உருவான டிட்டா என்ற குறிமுறை, 2005இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக வெளிவந்தது. பைத்தான் மொழியின் ஆவணங்கள் முதலில் அச்சுப் பக்கங்களை அடுக்கித் தரும் லேடெக்கில் இருந்தன. அவற்றுக்காக ஜார்ஜ் பிராண்டில் எழுதிய கருவிதான் 2008இல் ஸ்ஃபிங்ஸ் என்று வெளியானது. லினக்ஸ் கெர்னல் ஆவணங்களும் 2016இல் டாக்புக்கை விட்டு ஸ்ஃபிங்ஸுக்கு மாறத் தொடங்கின.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே யோசனை. மூலத்தில் ஒரு விஷயம் என்ன என்று மட்டும் எழுதுங்கள்: இது எச்சரிக்கை, இது கட்டளை, இது மெனுவின் பெயர். தடித்த எழுத்தா, மஞ்சள் பெட்டியா என்பதை வெப்புக்கு ஒரு விதமாகவும் அச்சுக்கு ஒரு விதமாகவும் கருவி முடிவு செய்யட்டும்.

மார்க்டவுன் போதாதா? எல்லோருக்கும் அதுதானே தெரியும்?

நட்சத்திரம் போன்ற எளிய குறிகளால் தலைப்பு, தடிப்பு என்று காட்டும் முறை அது, தொடங்குவதற்குப் போதும். ஆனால் அடிப்படை மார்க்டவுனில் எச்சரிக்கைப் பெட்டி கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியலிடும் சொல்லடைவு கிடையாது, "அந்தப் பகுதியைப் பார்க்க" என்று பெயரிட்டுச் சுட்டும் வழியும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் இவற்றைத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்திருக்கிறது. அதனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் உடையும்.

புத்தகமும் வேண்டும் என்று முதல் நாளே தெரிந்தால் இவை உள்ள ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் அல்லது ஆஸ்கிடாக் என்ற குறிமுறையை எடுங்கள். மார்க்டவுனை விட மனமில்லை என்றால் ஸ்ஃபிங்ஸோடு சேரும் மிஸ்ட் என்ற நீட்சி இருக்கிறது. மார்க்டவுன் தோற்றத்திலேயே மேலே சொன்னவை எல்லாம் கிடைக்கும். டிட்டாவை, ஒரே பத்தி பல கையேடுகளில் மறுபடி வரவேண்டிய பெரிய நிறுவனங்கள்தான் தாங்கும். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

ஒரு கோப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? வெப்புக்குச் சின்னதாக வேண்டும் என்கிறார்கள், புத்தகத்துக்கு அத்தியாயம் பெரிதாக வேண்டாமா?

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோப்பையும் அத்தியாயத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கோப்பு என்பது ஒரு வேலை அல்லது ஒரு கருத்து: "பேக்கப்பை நேரம் குறித்து ஓடவிடுவது", "பேக்கப்பிலிருந்து மீட்பது". வெப்பில் ஒவ்வொன்றும் தனிப் பக்கம். புத்தகத்தில் இவை இரண்டும் "பேக்கப்" என்ற அத்தியாயத்தின் கீழ் பகுதிகளாக உட்கார வேண்டும். அதற்கு "பேக்கப்" என்ற தாய்க் கோப்பு ஒன்றை வைத்து, அதில் இரண்டு பத்தி அறிமுகம் எழுதி, குழந்தைக் கோப்புகளை ஸ்ஃபிங்ஸின் டிஓசி ட்ரீ என்ற பொருளடக்கக் கட்டளையில் பட்டியலிடுங்கள். குழந்தைக் கோப்பின் முதல் தலைப்பு, புத்தகத்தில் தானாக ஒரு படி கீழே இறங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெப்பில் டிஓசி ட்ரீ என்பது சும்மா ஒரு லிங்க் பட்டியல். அதனால் அதற்குக் கீழே "குறிப்பு: இவற்றைச் செய்யுமுன் சர்வீஸை நிறுத்தவும்" என்று ஒரு வரி சேர்த்தால் அழகாகத்தான் தெரியும். அச்சிலோ, அந்தப் பட்டியல் இருக்கும் இடத்திலேயே குழந்தைக் கோப்புகள் முழுசாக விரியும். உங்கள் குறிப்பு அவை எல்லாம் முடிந்த பிறகு, முப்பது பக்கம் தள்ளி, சர்வீஸை நிறுத்தாமலே எல்லாவற்றையும் செய்து முடித்தவரின் கண்ணில் படும். டிஓசி ட்ரீ தாய்க் கோப்பின் கடைசி உறுப்பாக இருக்கட்டும். அதை உட்தலைப்புகளின் கீழும் வைக்காதீர்கள். வைத்தால் குழந்தைகள் இன்னும் ஒரு படி ஆழத்துக்குப் போய், புத்தகத்தில் 4.2.1.3 என்று எண்கள் நீளும்.

ஆழம் எவ்வளவு என்றால்: அத்தியாயம், பகுதி, உட்பகுதி. அதோடு நிறுத்துங்கள். நாலாவது படி தேவைப்படுகிறது என்றால் பெரும்பாலும் அந்த அத்தியாயத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

"மேலே பார்த்தபடி", "இங்கே சொடுக்கவும்" என்றெல்லாம் எழுதக்கூடாதா?

கூடாது. "மேலே" என்பது வெப்பில் வேறொரு பக்கமாக இருக்கும். வாசகர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார். "கீழே உள்ள படம்" என்றால் லேடெக் அந்தப் படத்தை இடம் பார்த்து அடுத்த பக்கத்தின் உச்சிக்குத் தள்ளியிருக்கும். "இங்கே சொடுக்கவும்" அச்சில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

பெயரைச் சொல்லிச் சுட்டுங்கள். "மீட்பதற்கு இங்கே சொடுக்கவும்" என்பதற்குப் பதிலாக "பழைய பிரதியை மீட்கும் படிகள் ‘பேக்கப்பிலிருந்து மீட்பது’ பகுதியில் உள்ளன" என்று எழுதி, அந்தத் தலைப்பை ரெஃப் கட்டளையால் இணையுங்கள். வெப்பில் அது லிங்க். லேடெக் அமைப்பில் பக்க எண் காட்டும் வசதியைத் திறந்துவிட்டால் அச்சில் அதன் பக்கத்திலேயே பக்க எண்ணும் வரும். படங்களுக்கு எண் கொடுக்கும் நம்ஃபிக் வசதியை இயக்கிவிட்டு "படம் 3.2" என்று சுட்டுங்கள், படம் எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை.

வெளித் தளங்களுக்குப் போகும் லிங்குகளுக்கு, முகவரியை அடிக்குறிப்பாக அச்சிடும் அமைப்பு ஸ்ஃபிங்ஸில் இருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். அப்போதுதான் நூறு எழுத்து நீள முகவரிகள் எவ்வளவு அசிங்கம் என்று உங்களுக்கே தெரியும், குறைத்துக்கொள்வீர்கள்.

டேப், சுருக்கி விரிக்கும் பெட்டி, வீடியோ இதெல்லாம் அச்சில் எப்படி வரும்?

பேப்பரில் எதையும் விரிக்க முடியாது, எனவே எல்லாம் விரிந்த நிலையில் வரவேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று மூன்று டேப் வைத்தால் அச்சில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். டேப்பின் பெயர் உட்தலைப்பாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். சில நீட்சிகள் அந்தப் பெயரையே விழுங்கிவிடும், மூன்று கட்டளைகளும் ஒரே கட்டளைபோல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு டேப்பும் தன்னளவில் முழுமையாக இருக்கவேண்டும். "மற்றதைப் போலவே, ஆனால்" என்று தொடங்கும் டேப் இரண்டு வடிவத்திலும் உதவாது.

வீடியோவில் மட்டும் இருக்கிற ஒரு படி, எழுதப்படாத படி என்றுதான் நான் கணக்கு வைப்பேன். படிகளை எழுத்தில் முழுசாகக் கொடுங்கள், வீடியோ துணைக்கு இருக்கட்டும். அச்சில் அதன் இடத்தில் ஒரு நிலைப்படமும் க்யூஆர் கோடும் போதும்.

ஸ்கிரீன்ஷாட் திரையில் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்டில் ஒன்றுமே படிக்க முடியவில்லை. ரெசல்யூஷன் கம்மியா?

பெரும்பாலும் இல்லை. 1920 பிக்சல் அகலப் படத்தை ஏ4 தாளின் எழுத்துப் பரப்பில், அதாவது சுமார் 16 செ.மீ. அகலத்தில் அடைத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கிறது. அச்சுக்கு அது தாராளம். பிரச்சினை அளவு. சாதாரணத் திரையில் 20 அங்குலம் அகலமாகத் தெரிந்தது இப்போது ஆறேகால் அங்குலம். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மெனுவில் 12 பாயின்ட் அளவில் இருந்த எழுத்து 4 பாயின்டுக்குக் கீழே போய்விட்டது. மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்துகூட இதைவிடப் பெரிது.

எனவே முழுத் திரையை எடுக்காதீர்கள். மென்பொருளின் சாளரத்தை 800 அல்லது 900 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டு எடுங்கள். முடிந்தால் பேசப்படும் பகுதியை மட்டும் வெட்டுங்கள். படத்தின் அகலத்தைப் பிக்சலில் குறிக்காமல் சதவீதத்தில் குறியுங்கள். சிவப்பு அம்பு, பச்சை அம்பு என்று விளக்கமும் வேண்டாம். அலுவலகப் பிரிண்டர்களில் பாதி கறுப்பு வெள்ளை. 1, 2 என்று எண் போடுங்கள்.

வரைபடங்களுக்கு எஸ்விஜி என்ற படக் கோப்பு வகை வெப்பில் அருமை, ஆனால் லேடெக்குக்கு அது நேரடியாகப் புரியாது, பிடிஎஃப் வடிவம் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் வைத்து, மூலத்தில் கோப்பு வகைக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் ஸ்ஃபிங்ஸ் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

எட்டு காலம் (நெடுவரிசை) உள்ள டேபிள் பேப்பரை விட்டு வெளியே போகிறது. என்ன செய்வது?

காலம் அகலத்தைக் கையால் குறிக்கலாம், நீளமான டேபிளைப் பல பக்கங்களுக்கு உடைக்கச் சொல்லலாம், பக்கத்தைப் படுக்கவைக்கலாம். அதற்கு முன் அது டேபிளா என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டு பத்தி விளக்கம் இருந்தால் அது வரையறைப் பட்டியல், அப்படியே மாற்றிவிடுங்கள். கைபேசியில் படிப்பவர்களும் நன்றி சொல்வார்கள்.

நீளமான கட்டளைகளும் அப்படித்தான் ஓடுகின்றன, அது?

வெப்பில் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளலாம். அச்சில் ஸ்ஃபிங்ஸ் வரியை மடித்து, தொடர்கிறது என்று ஒரு குறி போடும். ஆனால் பிடிஎஃபிலிருந்து அதை நகலெடுப்பவருக்கு நடுவில் வரி உடைந்து வரும், கட்டளை ஓடாது. ஷெல் கட்டளைகளை நீங்களே பின்சாய்கோடு போட்டு உடைத்து எழுதுங்கள். வரிக்கு 75 எழுத்துக்குள் வைத்தால் ஏ4இல் தொந்தரவு இல்லை.

"வெப்புக்கு மட்டும்", "அச்சுக்கு மட்டும்" என்று பிரித்து எழுதலாமா?

எழுதலாம். ஸ்ஃபிங்ஸில் ஒன்லி என்ற கட்டளை இதற்குத்தான். வீடியோவுக்கு மாற்றாக நிலைப்படம் என்று மேலே சொன்னேனே, அது சரியான இடம். முழுப் பத்திகளை இரண்டு விதமாக எழுதத் தொடங்கினால், வேர்டு கேள்வியில் சொன்ன இரட்டைப் பிரதிப் பிரச்சினை ஒரே கோப்புக்குள் மறுபடி வந்து உட்காரும்.

முக்கியமாக, தலைப்புகளையோ டிஓசி ட்ரீயையோ ஒன்லிக்குள் போடாதீர்கள். ஆவணத்தின் எலும்புக்கூடு முதலில் கட்டப்படுகிறது, வெப்பா அச்சா என்ற வடிகட்டல் கடைசியில்தான் நடக்கிறது. அதனால் நீக்கியதாக நினைத்த பகுதி பொருளடக்கத்தில் எட்டிப் பார்க்கும்.

வெப்பில் தேடுபெட்டி இருக்கிறதே, சொல்லடைவு எதற்கு மெனக்கெட வேண்டும்?

தேடுபெட்டி நீங்கள் எழுதிய சொல்லைத்தான் கண்டுபிடிக்கும். நீங்கள் "கடவுச்சொல் மீட்டமைப்பு" என்று எழுதியிருப்பீர்கள், வந்தவர் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று தேடுவார். சொல்லடைவில் வாசகரின் சொல்லையும் போட்டுவைக்கலாம். அச்சில் அது கடைசிப் பக்கங்கள். வெப்பில் அதே பதிவுகள் தனிப் பக்கமாக வரும். பகுதியை எழுதி முடித்த கையோடு மூன்று நாலு சொல் சேர்த்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாகச் செய்யலாம் என்று விட்டால் நடக்காது.

தமிழில் எழுதினேன், வெப்பில் நன்றாக வருகிறது, பிடிஎஃபில் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஸ்ஃபிங்ஸ் இயல்பாக அழைப்பது லேடெக்கின் ஒரு வகையான பிடிஎஃப்லேடெக். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அமைப்புக் கோப்பில் லேடெக் இயந்திரத்தை ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்று மாற்றுங்கள். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுங்கள். கூடவே எழுத்துமுறை தமிழ் என்றும் குறியுங்கள். இதை விட்டுவிட்டால்தான் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அப்புறம் நிரல் துண்டுகள். அவற்றின் எழுத்துருவில் தமிழ் இருக்காது. நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதியிருந்தால் அந்த இடம் வெறுமையாகவோ கட்டமாகவோ வரும். ஸீலேடெக் இதைப் பிழை என்று சொல்லி நிற்காது. லாக் கோப்பில் எழுத்து இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். லாக்கில் அதைத் தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

சொல்லடைவு வரிசை இன்னொரு தலைவலி. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்த எண், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்த எண். நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசியில் வருபவை. புள்ளி வைத்த ‘க்’ அகர ‘க’வுக்கு முன்னால் வரவேண்டும், எண் வரிசையில் பின்னால் போகும். குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவி இதையெல்லாம் தப்பாகத்தான் செய்யும். தமிழ் அகரவரிசை தெரிந்த வரிசைப்படுத்தியைப் பயன்படுத்துங்கள், அல்லது சொல்லடைவு சின்னதாக இருந்தால் கண்ணால் ஒரு முறை சரிபாருங்கள்.

லேடெக் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸை வைத்தே பிடிஎஃப் எடுக்க முடியாதா?

முடியும். வெப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழிதானே சிஎஸ்எஸ். வீஸிபிரின்ட், பிரின்ஸ், பேஜ்டு ஜேஎஸ் போன்ற கருவிகள் எச்டிஎம்எல்லை எடுத்துப் பக்கங்களாக அடுக்கித் தரும். சிஎஸ்எஸ்ஸில் தாள் அளவு, பக்க எண், டேபிள் நடுவில் உடையக்கூடாது, தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நிற்கக்கூடாது என்றெல்லாம் சொல்ல வழி இருக்கிறது. "பக்கம் 47 பார்க்க" என்பதைக்கூட டார்கெட் கவுன்டர் என்ற சிஎஸ்எஸ் வசதியைக் கொண்டு வரவைக்கலாம். வடிவமைப்பாளர் கையில் இருக்கும் குழுவுக்கு இது நல்ல வழி. பிரவுசரின் பிரிண்ட் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். அது திறந்திருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் கொடுக்கும், புத்தகத்தைக் கொடுக்காது.

வெப் எப்போதும் புதுசு, அச்சு அப்படியே நிற்கும். பதிப்பு எண்ணை எப்படிக் கையாள்வது?

பதிப்பு எண்ணை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் எழுதி, மற்ற எல்லா இடத்திலும் மாறியாகப் போடுங்கள். அச்சின் அட்டையிலும் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அது வரவேண்டும். பக்கங்களைத் தனித்தனியாக நகல் எடுத்துத்தான் கொடுப்பார்கள். "தற்போது", "புதிய வசதியாக", "விரைவில்" போன்ற சொற்களை எடுத்துவிட்டு "3.2 பதிப்பிலிருந்து" என்று எழுதுங்கள். அடிக்குறிப்பில் வரும் உங்கள் தள முகவரிகள் அந்தப் பதிப்பின் பக்கத்துக்குப் போகட்டும், "லேட்டஸ்ட்" பக்கத்துக்கு அல்ல.

ஏற்கனவே 400 பக்கம் வேர்டில் இருக்கிறது. மொத்தமாக மாற்ற முடியுமா?

பாண்டாக் என்ற கருவி வேர்டு கோப்பை நீங்கள் கேட்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும். ஆனால் வேர்டில் தலைப்புகளை ஸ்டைல் கொடுக்காமல் வெறுமனே தடிப்பாக்கியிருந்தால் அது அவற்றைத் தலைப்பு என்று அறியாது. வேர்டிலேயே ஸ்டைல்களைச் சரிசெய்த பிறகு மாற்றுங்கள். அப்புறம் அத்தியாயம் அத்தியாயமாக, மேலே சொன்ன கோப்புப் பிரிவுப்படி உடையுங்கள். யாரும் திறந்து பார்க்காத பிற்சேர்க்கைகளை இந்தச் சாக்கில் கழித்துவிடலாம்.

இரண்டு வடிவமும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டையும் கட்டுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் மட்டும் பிடிஎஃப் எடுப்பவர்களுக்கு அன்று தூக்கம் கிடையாது. எச்சரிக்கைகளைப் பிழையாக எண்ணும் தெரிவை இயக்குங்கள், உடைந்த லிங்குகளைச் சரிபார்க்கும் கட்டளையை வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். அப்புறம் நிஜத் தாளில் பத்துப் பக்கம் அச்செடுத்துப் பாருங்கள். டேபிள், படம், நிரல் மூன்றும் உள்ள பக்கங்களாக எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாகப் போட்டால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. பிரிக்கலாமா? பிரித்தால் லிங்க் எல்லாம் உடையாதா?

பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். நிறுவுபவருக்கு ஒன்று, பயன்படுத்துபவருக்கு ஒன்று, நிர்வகிப்பவருக்கு ஒன்று. ஸ்ஃபிங்ஸ் ஒரே மூலத்திலிருந்து பல லேடெக் ஆவணங்களைக் கட்டும். ஒவ்வொன்றின் தொடக்கக் கோப்பையும் தலைப்பையும் அமைப்பில் பட்டியலிட்டால் போதும். வெப்பில் எல்லாம் ஒரே தளமாகவே இருக்கும். நிரலிலிருந்து தானாக உருவாகும் ஏபிஐ விவரங்களை நான் புத்தகத்தில் சேர்ப்பதில்லை. டெண்டரில் கேட்டால் மட்டும் தனி நூலாகக் கொடுப்பேன்.

ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் போகும் சுட்டல் அச்சில் லிங்காக இருக்காது. ஸ்ஃபிங்ஸ் பகுதியின் பெயரை எழுதி, அது எந்த நூலில் இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கும். அது நூலை அடையாளம் காண்பது தொடக்கக் கோப்பின் ஃபோல்டரை வைத்து. எனவே ஒவ்வொரு நூலுக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் தொடக்கக் கோப்பு என்று முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். "இங்கே சொடுக்கவும்" கேள்வியில் சொன்னபடி தலைப்பைச் சொல்லிச் சுட்டியிருந்தால், "பேக்கப்பிலிருந்து மீட்பது" என்ற பெயரும் நிர்வாகி கையேட்டின் பெயரும் சேர்ந்து அச்சாகும். வாசகர் அலமாரியிலிருந்து சரியான நூலை எடுத்துக்கொள்வார்.